அணை எப்படியும் வந்திருக்குமா? நீர்மின் நிலையங்களும் கார்பன் கிரெடிட் கணக்கும்

கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் முதல் கார்பன் கிரெடிட்டுகள் 2005 அக்டோபர் 20 அன்று கணக்கில் ஏறின. அவற்றைப் பெற்றவை ஹோண்டுராஸ் நாட்டில் உள்ள ரியோ பிளாங்கோ, லா எஸ்பெரான்சா என்ற இரண்டு நீர்மின் நிலையங்கள். ஆக, அந்தச் சந்தைக்குப் போணி ஆனதே தண்ணீரில்தான். அப்புறம் வந்த ஆண்டுகளில் பதிவான திட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று நீர்மின் திட்டம். சீனாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். அதே அளவுக்கு அவற்றைச் சுற்றிய சச்சரவும் ஓயாமல் நடந்திருக்கிறது.

சச்சரவு எதற்கு என்று புரிய, முதலில் ஏற்பாட்டைப் பார்த்துவிடுவோம். 1997இல் உருவாகி 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கியோட்டோ ஒப்பந்தம் பணக்கார நாடுகளுக்குப் புகை உச்சவரம்பு வைத்தது. இந்தியா, சீனா, பிரேசில் போன்ற நாடுகளுக்கு வைக்கவில்லை. பணக்கார நாட்டில் ஒரு டன் குறைக்க ஆகும் செலவில் ஏழை நாட்டில் பல டன் குறைக்கலாமே, அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளலாமே என்ற யோசனையில் பிறந்தது தூய்மை மேம்பாட்டுச் செயல்முறை. துறையில் எல்லோரும் சொல்வது சி.டி.எம். ஒரு டன் கரியமில வாயு வராமல் தடுத்தால் ஒரு கிரெடிட். அதை ஜெர்மனியிலோ இத்தாலியிலோ உள்ள ஒரு நிறுவனம் வாங்கி, அந்த ஒரு டன் அளவுக்குத் தன் ஊரில் கூடுதலாகப் புகை விடலாம் என்பதுதான் அப்போதைய ஏற்பாடு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலை ஓடையில் 10 மெகாவாட் நிலையம் ஒன்று. ஓடையில் வருடம் முழுக்கத் தண்ணீர் இருக்காது என்பதால் பாதித் திறனில் ஓடுகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 4 கோடியே 38 லட்சம் யூனிட் வரும். அந்த மின்சாரம் வராவிட்டால் நிலக்கரி மின்சாரம் கலந்த கிரிட்டில், அதாவது பொது மின்கட்டமைப்பில், இருந்துதான் எடுத்திருக்க வேண்டும், யூனிட்டுக்கு 850 கிராம் புகை என்று கொண்டால் ஏறத்தாழ 37,000 டன். அத்தனையும் கிரெடிட். கிரெடிட் விலை 10 யூரோ, யூரோ 60 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2 கோடியே 20 லட்சம் ரூபாய். மின்சாரத்தை யூனிட் 3 ரூபாய்க்கு விற்றால் வருவது 13 கோடி. அதற்கு மேல் ஆறில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கிறது. நல்ல பணம்தான். ஆனால் அணை கட்டலாமா வேண்டாமா என்ற முடிவையே மாற்றும் அளவுக்கு நல்ல பணமா?

முடிச்சு இந்தக் கேள்வியில்தான் விழுகிறது. நிலையம் சுத்தமான மின்சாரம் தருகிறது என்பது மட்டும் கிரெடிட் வாங்கப் போதாது. கிரெடிட் பணம் வராவிட்டால் அந்த நிலையமே வந்திருக்காது என்று காட்ட வேண்டும். விதிப்புத்தகத்தில் இதற்குக் கூடுதல் தன்மை என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் எப்படியும் தோண்டப்போகிற கிணற்றுக்கு நாம் பணம் கொடுத்துவிட்டு, ‘ஊருக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தேன்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது, இல்லையா? கிணற்றிலாவது ஏமாந்தவரின் பணத்தோடு போகிறது. இங்கே, எப்படியும் வந்திருக்கும் அணைக்குக் கிரெடிட் கொடுத்தால், அதை வாங்கியவர் தன் ஊரில் அந்த ஒரு டன்னை விட்டுவிடுகிறார். இந்தப் பக்கம் எதுவும் குறையவில்லை, அந்தப் பக்கம் புகை கூடிவிட்டது.

கஷ்டம் என்னவென்றால், நடக்காமல் போன ஒன்றை யாராலும் அளக்க முடியாது. டர்பைனில் இருந்து வரும் மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு. ‘இந்த அணை இல்லாத உலகம்’ என்பதற்கு மீட்டர் கிடையாது. அதனால் அந்த இல்லாத உலகத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். எழுதுகிறவர், கிரெடிட் கிடைத்தால் லாபம் பார்க்கப்போகிற அதே நிறுவனம்.

எழுதும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். திட்டத்தின் வருவாய் விகிதத்தைக் கணக்கிட்டு, அது ஒரு குறிப்பிட்ட அளவுகோலுக்குக் கீழே இருக்கிறது என்று காட்டுவார்கள். சீனச் சிறு நீர்மின் திட்டங்களுக்கு அந்த அளவுகோல் 10 சதவீதம். கணக்கு 8 என்று வரும். கிரெடிட் வருமானத்தைச் சேர்த்தால் 10ஐத் தொடும். நீர்மின் திட்டத்தில் இப்படி வரவழைப்பது பெரிய வித்தையல்ல. ஓடையின் நீர்வரத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் போதும், சுரங்கம் தோண்டும் செலவைக் கொஞ்சம் ஏற்றினால் போதும், மின்சார விலையைப் பழைய அளவிலேயே வைத்தால் போதும். ஒவ்வொன்றும் நியாயமான அனுமானம் போலத்தான் தெரியும். மலையில் சுரங்கம் தோண்டும் செலவு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று தோண்டுகிறவருக்கே தெரியாது என்பதும் உண்மை. அதனால் பொய் எது, உண்மையான பயம் எது என்று வெளியில் இருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

2008இல் மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் வாஷிங்டனுக்கு அனுப்பிய ஒரு தந்தி பின்னர் விக்கிலீக்ஸ் வழியாக வெளியே வந்தது. திட்ட நிறுவனங்கள் இரண்டு கணக்கு தயாரிப்பதாக இந்தியாவின் சி.டி.எம். ஆணையத்தின் உயர் அதிகாரியே ஒப்புக்கொண்டதாக அதில் இருக்கிறது. கிரெடிட் இல்லாமலே திட்டம் லாபம் தரும் என்று காட்டும் கணக்கு வங்கிக்கு. கிரெடிட் இல்லாவிட்டால் திட்டம் நிற்காது என்று காட்டும் கணக்கு சி.டி.எம்.முக்கு. ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எந்த வங்கி மேலாளர், எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத கிரெடிட் பணத்தை நம்பி நூறு கோடி கடன் கொடுப்பார்?

இந்தியாவில் பெரிய நீர்மின் திட்டங்களுக்கு இந்த வாதம் இன்னும் பலவீனம். பிரதமராக இருந்த வாஜ்பாய் 50,000 மெகாவாட் நீர்மின் திட்டத்தை அறிவித்தது 2003 மே மாதம். 162 திட்டங்கள் கொண்ட பட்டியல் அது. கியோட்டோ ஒப்பந்தம் அப்போது அமலுக்கே வரவில்லை. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி மின் நிலையத்தின் பங்கு மூலதனத்துக்கு 15.5 சதவீத வருவாயைக் கட்டணத்திலேயே சேர்த்துக்கொள்ள முடிந்தது. செலவு கூடினால், ஆணையம் ஏற்கும் அளவுக்குக் கட்டணமும் கூடும். அதே விதிகளில், சி.டி.எம். பணம் முதல் ஆண்டு முழுக்க நிறுவனத்துக்கு, இரண்டாம் ஆண்டில் இருந்து மின்சாரம் வாங்குவோருக்கு 10 சதவீதம், பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி 50 வரை என்று ஒரு பங்கீடும் எழுதிவைத்திருந்தார்கள். உத்தரவாதமான வருவாய்க்கு மேல் வரும் இனாமை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதுபோலத்தான் எனக்கு அதைப் படித்தால் தோன்றுகிறது. அணைகள், ஆறுகள், மக்களுக்கான தெற்காசிய வலையமைப்பு என்ற தில்லி அமைப்பு இமயமலைத் திட்டங்கள் ஒவ்வொன்றாக எடுத்து, இவை கிரெடிட் இல்லாமலே வரக்கூடியவை என்று, திட்ட ஆவணங்களைச் சரிபார்க்கும் மதிப்பீட்டாளர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தது.

மனாலிக்குப் பக்கத்தில் உள்ள அலையன் துஹாங்கன் நல்ல உதாரணம். பியாஸ் ஆற்றில் சேரும் அலையன், துஹாங்கன் என்ற இரண்டு ஓடைகளைச் சுரங்கத்தில் திருப்பிவிட்டு 192 மெகாவாட் எடுக்கும் திட்டம். பெரிய நீர்த்தேக்கம் இல்லை, யாரும் மூழ்கவில்லை. கேட்டால் குறை சொல்ல முடியாத திட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் ஜகத்சுக் கிராமத்துக்கு துஹாங்கன் ஓடைதான் குடிநீரும் பாசனமும். ஓடையைச் சுரங்கத்துக்குள் விட்டால் வயலுக்கு என்ன வரும் என்று கேட்டு, திட்டத்துக்கு நிதி கொடுத்த உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி.க்கான குறைகேட்பு அலுவலகத்தில் ஊர்க்காரர்கள் 2004இலேயே புகார் கொடுத்தார்கள். சி.டி.எம். பதிவு கிடைத்தது 2007இல். அதாவது, கிரெடிட் இல்லாவிட்டால் வந்தே இருக்காது என்று ஏட்டில் சொன்ன திட்டத்தை எதிர்த்து, பதிவுக்கு மூன்று ஆண்டு முன்பே ஒரு ஊர் புகார் எழுதிக்கொண்டிருந்தது.

இது தனிப்பட்ட ஒரு திட்டத்தின் கதையல்ல. பதிவான சி.டி.எம். திட்டங்களில் முக்கால்வாசி, பதிவு கிடைக்கும் முன்பே கட்டி முடிக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தவை என்று இன்டர்நேஷனல் ரிவர்ஸ் என்ற அமைப்பு 2008இல் கணக்குக் காட்டியது. பதிவுக்கு நாள் பிடிக்கும், அதற்காக வேலையை நிறுத்திவைக்க முடியுமா என்று நிறுவனங்கள் கேட்டன. அதுவும் நியாயம்தான். அதனால் அப்போதைய விதி, வேலை தொடங்கும் முன்பே கிரெடிட்டை மனதில் வைத்திருந்தோம் என்று காட்டச் சொன்னது. காட்டுவது எப்படி? இயக்குநர் குழுக் கூட்டத்தின் தீர்மானத்தில் ‘சி.டி.எம். பயன் கருத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பிப் பல லட்சம் டன் கிரெடிட் கொடுக்க வேண்டியிருந்தது. 2008 ஆகஸ்டுக்குப் பிறகு தொடங்கும் திட்டங்கள், வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள் ஐ.நா. காலநிலைச் செயலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். அப்படிச் செய்ததும் தீர்மான வரியின் இடத்தில் ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

வேலை எப்போது தொடங்கியது, யார் வந்து அளந்தார்கள், புல்டோசர் எந்த மாதம் மலையேறியது, நிலம் கேட்டு வந்தவர் கிரெடிட் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினாரா? இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்தவர்கள் ஓடைக் கரையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க இந்த ஏற்பாட்டில் இரண்டே சந்தர்ப்பங்கள் இருந்தன.

ஒன்று, ஊர்க்கூட்டம். திட்ட நிறுவனமே நடத்தி, அதன் குறிப்பைத் திட்ட ஆவணத்தில் சேர்க்க வேண்டும். இந்தக் குறிப்புகள் சிலவற்றைப் படித்துப் பாருங்கள், ஒன்றைப் படித்தால் பத்தைப் படித்த மாதிரி. ஊர்க்காரர் வேலைவாய்ப்பு பற்றிக் கேட்பார், உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை என்று பதில் வரும். சாலை பற்றிக் கேட்பார், மேம்படும் என்று பதில் வரும். கடைசியில், பாதகமான கருத்து எதுவும் வரவில்லை என்று ஒரு வரி. ஓடை வற்றுமா என்று யாராவது கேட்டிருந்தால் அது குறிப்பில் ஏறுமா என்பது குறிப்பு எழுதியவர் கையில்.

இரண்டாவது, பொதுக் கருத்துக்கான 30 நாள். திட்ட ஆவணத்தை இணையத்தில் போடுவார்கள்; உலகத்தில் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். ஆவணம் ஆங்கிலத்தில், எழுபது எண்பது பக்கம், பாதிக்கு மேல் சூத்திரமும் அட்டவணையும். இமாசலத்தின் கின்னோரிலோ பனாமாவிலோ உள்ள ஒரு மலைக் கிராமத்துக்கு அது வந்திருக்கிறது என்று யார் போய்ச் சொல்வது? எழுதியவர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருந்த சூழல் அமைப்புகளும் வெளிநாட்டு அமைப்புகளும்தான். எழுதிய கருத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மதிப்பீட்டாளர். மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுப்பது திட்ட நிறுவனம். தேர்வுத்தாளைத் திருத்தும் வாத்தியாருக்கு மாணவனே கூலி கொடுக்கும் ஏற்பாடு. சரியாகத் திருத்தவில்லை என்று 2008இல் டி.என்.வி., 2009இல் எஸ்.ஜி.எஸ்., 2010இல் டியூவி சூட் என்று பெரிய மதிப்பீட்டு நிறுவனங்களையே சி.டி.எம். வாரியம் சிறிது காலம் இடைநிறுத்தம் செய்தது. 30 நாள் முடிந்து பதிவும் ஆகிவிட்டால் அப்புறம் ஊர்க்காரர் போய்ச் சொல்ல இடமே கிடையாது. பதிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வழி சி.டி.எம்.மில் கடைசி வரை வரவில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதை பாரோ பிளாங்கோ அணை காட்டியது. மேற்கு பனாமாவில் தபசாரா என்ற ஆறு. அதன் கரையில் இங்காபே பழங்குடி மக்களின் தன்னாட்சிப் பகுதி. அந்த எல்லைக்கு வெளியே, ஆற்றின் கீழ்ப்பக்கம், ஜெனிசா என்ற நிறுவனம் சுமார் 29 மெகாவாட் அணை கட்டியது. அணை வெளியே, தேங்கும் தண்ணீர் மட்டும் உள்ளே. காகிதத்தில் எல்லையைப் பார்த்தால் பழங்குடி நிலத்தில் திட்டம் இல்லை. ஜெர்மனியின் டி.இ.ஜி.யும் நெதர்லாந்தின் எஃப்.எம்.ஓ.வும் கடன் கொடுத்தன. இரண்டும் அரசு சார்ந்த வளர்ச்சி நிதி நிறுவனங்கள். 2011 ஜூனில் சி.டி.எம். பதிவும் கிடைத்தது.

அந்த ஆற்றில் அணை வேண்டாம் என்ற குரல் புதிதல்ல. முந்தைய ஓர் அணைத் திட்டத்தை எதிர்த்துக் கிளம்பிய ‘ஏப்ரல் 10 இயக்கம்’ இதையும் எதிர்த்தது. நீர் ஏறும் இடத்தில் கியாத் போன்ற சிற்றூர்கள், வாழையும் கொக்கோவும் விளையும் ஆற்றோர நிலம், மீனும் இறாலும் பிடிக்கும் துறைகள், பழைய பாறைச் செதுக்கல்கள், ‘மாமா டாட்டா’ என்ற அவர்களுடைய சமயத்தின் வழிபாட்டிடம் எல்லாம் இருந்தன. 2012 பிப்ரவரியில் சுரங்கங்களையும் அணைகளையும் எதிர்த்து இங்காபே மக்கள் பான்-அமெரிக்க நெடுஞ்சாலையையே மறித்தார்கள். 2013இல் பனாமாவுக்குப் போன பழங்குடி உரிமைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஜேம்ஸ் அனாயா, அந்த மக்களிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்று சொன்னார். கடன் கொடுத்த இரண்டு நிறுவனங்களும் அமைத்த சுயேச்சைக் குழுவே 2015 மேயில், கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் மக்களின் ஒப்புதல் பற்றி இன்னும் தெளிவாக விசாரித்திருக்க வேண்டும் என்று எழுதியது. அதே ஆண்டு பிப்ரவரியில் பனாமாவின் சுற்றுச்சூழல் ஆணையம் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியும் பார்த்தது. 2016இல் சோதனை என்ற பெயரில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். வயல்களும் வீடுகளும் மூழ்கின.

2016 கடைசியில் பனாமா அரசு திட்டத்துக்குத் தான் கொடுத்திருந்த சி.டி.எம். ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. மனித உரிமைக் குற்றச்சாட்டுகளுக்கு இடையே ஒரு நாடு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. உலகெங்கும் சூழல் அமைப்புகள் வெற்றி என்று கொண்டாடின. நியாயமான கொண்டாட்டம்தான். ஆனால் போனது சி.டி.எம். ஒப்புதல் மட்டும்; அணை அப்படியே நின்றது, தண்ணீரும் தேங்கியே இருந்தது. கிரெடிட் இல்லாமல் வரவே முடியாது என்று சொல்லிப் பதிவு வாங்கிய அணை, கிரெடிட் போன பின்னும் மின்சாரம் எடுத்தது. கட்டி முடித்த அணையை யாரும் சும்மா நிறுத்திவைக்க மாட்டார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து வாதத்தை முடித்துவிட முடியாது. இருந்தாலும் கியாத்தில் வீட்டை இழந்தவரிடம் இந்த நுணுக்கத்தை யார் போய் விளக்குவது?

பெரிய அளவில் பார்த்தால் பிரேசிலின் ஜிராவ். மதெய்ரா ஆற்றில் 3,750 மெகாவாட். அரசின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து, 2008இல் ஏலம் விட்டு, வேலை பாதிக்கு மேல் நடந்து, 2013இல் சி.டி.எம். பதிவு. நாடே தன் மின் தேவைக்கு நம்பியிருந்த அணை கிரெடிட்டை நம்பித்தான் வந்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகள் வாங்குவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தனியாக ஒரு வடிகட்டி வைத்தது. 20 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டம் என்றால், 2000இல் அறிக்கை கொடுத்த உலக அணைகள் ஆணையத்தின் நெறிகளை மதித்திருக்க வேண்டும். பாதிக்கப்படும் மக்களின் சம்மதம் அந்த நெறிகளில் முக்கியமானது. நல்ல விதி. ஆனால் மதித்தார்களா என்று அறிக்கை எழுதியவர்களும் அதே மதிப்பீட்டு நிறுவனங்கள்தான். மீத்தேனுக்கும் சி.டி.எம்.மில் ஒரு விதி இருந்தது: மூழ்கிய காடும் செடியும் அழுகி மீத்தேன் வரும் என்பதால், நீர்த்தேக்கத்தின் ஒரு சதுர மீட்டருக்கு 4 வாட்டுக்குக் குறைவாக மின்திறன் உள்ள அணைக்குக் கிரெடிட் கிடையாது. பிரேசிலின் பல்பினா அணை 2,360 சதுர கிலோமீட்டரை மூழ்கடித்து 250 மெகாவாட் தருகிறது. சதுர மீட்டருக்குப் பத்தில் ஒரு வாட். அந்த வகைக் கூத்து சி.டி.எம்.முக்குள் வராமல் இந்த விதி தடுத்தது.

எல்லாச் சிறு திட்டத்தையும் ஒரே தராசில் போட்டுவிடக் கூடாது. இலங்கையில் 2005இலேயே பதிவானவை மலையகத்துச் சிறு நிலையங்கள்: ஹபுகஸ்தென்ன, ஹுலு கங்கை, மகல் கங்கை, புசல்லாவைப் பக்கம் சங்குவாரி, டெல்டா. டர்பைன் சுற்றுவது தேயிலைத் தோட்டங்களுக்குப் பக்கத்து ஓடைகளில். இந்த அளவு நிலையங்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பதே பாடு. கிரெடிட் பணம் அங்கே முடிவை மாற்றியிருக்கக் கூடும். ஆனால் தடுப்பணைக்கும் மின் நிலையத்துக்கும் நடுவில் ஓடை வற்றும் பிரச்சினை சின்ன நிலையத்திலும் உண்டு. புகையை மட்டும் எண்ணும் கணக்கில் அது வராது.

பிறகு சந்தை தானாகவே சரிந்தது. 2008இல் 20 யூரோவைத் தாண்டிய கிரெடிட், 2012 கடைசியில் 1 யூரோவுக்கும் கீழே போனது. மேலே போட்ட 10 மெகாவாட் கணக்கில் அரை யூரோ விலையைப் போடுங்கள்: யூரோ 70 ரூபாய் என்று வைத்தாலும் மின்சாரம் விற்ற 13 கோடிக்கு முன்னால் கிரெடிட் வருமானம் 13 லட்சம். ஐரோப்பிய ஆணையத்துக்காக ஜெர்மனியின் எக்கோ ஆய்வு நிறுவனம் 2016இல் செய்த ஆய்வு, தான் எடுத்துக்கொண்ட சி.டி.எம். திட்டங்களில் 85 சதவீதம் உண்மையான கூடுதல் குறைப்பைத் தந்திருக்க வாய்ப்பு குறைவு என்றது. வாய்ப்பு அதிகம் என்று சொல்லத்தக்கவை 2 சதவீதம். அதற்குப் பிறகு, நிறுவனங்கள் சட்டக் கட்டாயம் இல்லாமல் தாங்களாகவே கிரெடிட் வாங்கும் தன்னார்வச் சந்தையிலும் கதவுகள் மூடத் தொடங்கின. மிகவும் பின்தங்கிய நாடுகளைத் தவிர மற்ற நாடுகளில் கிரிட்டுக்கு மின்சாரம் தரும் புதிய பெரிய திட்டங்களை, அந்தச் சந்தையில் கிரெடிட் வழங்கும் வெர்ரா என்ற அமைப்பு 2020இல் இருந்து ஏற்பதில்லை. 2024 ஆகஸ்டில் அந்தச் சந்தையின் தர மேற்பார்வைக் குழு, அப்போது இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கணக்கு முறைகளுக்குத் தன் தரமுத்திரை கிடையாது என்று அறிவித்தது. நீர்மின்சாரமும் அதில் அடக்கம். இன்னும் பயன்படுத்தப்படாமல் கிடந்த 23 கோடிக்கும் மேற்பட்ட கிரெடிட்டுகள் அந்த முறைகளில் வந்தவை. சந்தையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

பழைய சரக்கு முழுக்கக் குப்பைக்குப் போய்விடவும் இல்லை. 2013க்குப் பிறகு பதிவான சி.டி.எம். திட்டங்களின் கிரெடிட்டை நாடுகள் தங்கள் முதல் பாரிஸ் இலக்குக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாடு அனுமதித்தது. பாரிஸ் ஒப்பந்தத்தின் புதிய சந்தைக்கு மாறவும் பழைய திட்டங்களுக்கு 2023 கடைசி வரை விண்ணப்பிக்க வழி கொடுத்தார்கள். அந்தப் புதிய சந்தையில், சி.டி.எம்.மில் இல்லாமல் போன மேல்முறையீட்டுக்கும் குறைதீர்ப்புக்கும் 2024இல் விதிகள் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஓடைக்கரை ஊர், பதிவான திட்டத்தை எதிர்த்து நேரடியாக மனுக் கொடுக்க முடியும். தபசாரா கரையில் கேட்டபோது அப்படி ஒரு படிவம்கூட இருக்கவில்லை.